கேட்டுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

சுகந்தி சக்கர நாற்காலியை அபார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே தள்ளினாள். முன்சக்கரம், கேட் ஓடும் இரும்புத் தடத்தில் முட்டி நின்றது. முழங்காலால் ஓர் உந்து. ஏறி இறங்கியது. நாற்காலியில் சாய்ந்திருந்த ரத்தினவேலின் தலை ஒருமுறை ஆடி நின்றது. அவர் கழுத்தைச் சுற்றியிருந்த சாம்பல் நிறப் பட்டையில் பச்சை விளக்கு அணைந்தது.

இதோ. இப்போது.

குனிந்து பட்டையருகே காதை வைத்தாள்.

கரகரவென்று ஏதோ ஒரு துண்டுச் சத்தம். உடனே நீல விளக்கு. அடுத்த கணம், கடைத்தெருவில் புதுப் பாத்திரத்தைத் தட்டியது போலத் தெளிவான குரலில் ரத்தினவேல் பேசினார்.

"ஆகட்டுங்க மேடம். செஞ்சர்லாமுங்க. உங்க சௌகரியம் போல வெச்சுக்குங்க."

"நாசமாப் போக!" என்றாள் சுகந்தி. புருஷனை அல்ல, நீல விளக்கை.

பின்னால் இழுத்தாள். மறுபடி இரும்புத் தடம், மறுபடி குலுக்கல். நீலம் அணைந்தது. பட்டை, தொண்டையில் எதுவோ சிக்கியது போல அரைச் சத்தத்தைத் துப்பியது. அது எழுத்தா, இருமலா என்று அவள் யோசிப்பதற்குள் பச்சை வந்துவிட்டது.

"வேண்டாம் சுகந்தி. அதெல்லாம் எதுக்கு? சும்மா இரு."

அதே மனிதர். அதே நாற்காலி. கேட்டுக்கு அந்தப் பக்கம் சரி, இந்தப் பக்கம் வேண்டாம்.

"அம்மிணி!" வாட்ச்மேன் மாரப்பன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஓய்வு பெறும்வரை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்தப் பேச்சு இன்னும் இறங்கவில்லை. "ஒண்ணு ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க. படியில நிக்காதீங்க. பின்னால மூணு காரு நிக்குது."

"இன்னும் ஒரே ஒருக்காங்ண்ணா."

"நானும் மத்தியானத்துல இருந்து பாத்துட்டேதான் இருக்கறன். ஒரே ஸ்டேஜுக்கு எத்தன தடவ டிக்கெட்டு எடுப்பீங்க? செக்ரட்டரி சார் மாடியில இருந்து பாத்துட்டு என்னயத் திட்டறாரு."

"திட்டட்டும். அவரு பேச்சு அவருகிட்ட இருக்குதுல்ல? திட்டட்டும்."

மாரப்பன் விசிலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

சுகந்தி மீண்டும் தள்ளினாள். இந்தத் தடவை பச்சை அணையவே இல்லை. கேட்டைத் தாண்டி, சாக்கடை மூடியைத் தாண்டி, வேப்பமரம்வரை போயும் பச்சை. போன வாரம் முழுக்கப் பார்த்த கூத்துதான். ரொம்ப அலைக்கழித்தால் பட்டைக்குக் கோபம் வந்துவிடும். ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்கும். செத்துப்போகிற சிக்னலாக இருந்தாலும் விடாது.

"வேண்டாம் சுகந்தி," என்றார் ரத்தினவேல், பாதி உடைந்த குரலில்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால். நாலு மணிக்குப் பட்டையில் அப்டேட் ஏறும்.

---

பக்கவாதம் வந்து பத்து மாதம். கை, கால், நாக்கு, முகம் எல்லாம் ஒரே காலையில் கையை விரித்துவிட்டன. இமை மட்டும் அசைகிறது. அதுவும் அவர் சொல் கேட்பதில்லை. 'ஆமான்னா ஒருக்கா சிமிட்டுங்க' என்றால் சிமிட்டினார். 'நீங்கதான் சுகந்தியா?' என்று கேட்டாலும் சிமிட்டினார்.

ஆனால் உள்ளே ஆள் முழுதாக இருக்கிறார் என்றது ஸ்கேன். அதனால்தான் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு வில்லையைப் பதித்தார்கள். அவர் பேச நினைப்பதை வில்லை பிடித்துக் கழுத்துப் பட்டைக்குத் தரும். பட்டை அதை நெட்டில் அனுப்பும். மறுமுனையில் இருக்கும் மென்பொருள் அதைச் சொற்களாக்கி, ரத்தினவேலின் பழைய குரலிலேயே திருப்பி அனுப்பும். எல்லாம் மூச்சு விடுவதற்குள்.

எட்டு மாதம் முன்பு குரல் திரும்பி வந்த அன்று சுகந்தி அந்த சரவணம்பட்டி அபார்ட்மென்ட்டில் ஒரு வீடு விடாமல் லட்டு கொடுத்தாள். லட்டு தீர்வதற்கு முன்பே குழப்பம் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் வைஃபை. வெளியே டவர். வைஃபையில் ஒரு புருஷன். டவரில் இன்னொரு புருஷன்.

போன் அடித்தது. டாக்டர் விசாலாட்சி.

"மேடம், பெங்களூர் சர்ஜன் நாளைக்குக் காலைல வந்துடுவார். இந்தத் தடவை விட்டா அப்புறம் எப்பன்னு என்னால சொல்ல முடியாது. சார் என்ன முடிவு பண்ணியிருக்கார்?"

"எந்த சாருங்க? உள்ள இருக்கறவரா, வெளியில இருக்கறவரா?"

டாக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. "உங்க கஷ்டம் புரியுது. ஆனா சட்டம் அப்படி. வீட்டுல ஒரு தடவை, வெளியில ஒரு தடவை, ரெண்டு இடத்துலயும் நோயாளி அதே பதிலைச் சொல்லணும். இங்க வந்தா 'செஞ்சுக்கறேன்'னு அழகா சொல்றார். எங்க ஆளுங்க வீட்டுக்கு வந்து கேட்டா 'வேண்டாம்'கிறார். நான் எதை நம்பறது?"

"அதைத்தானுங்க நானும் எட்டு மாசமாக் கேக்கறேன்!" சுகந்தியின் குரல் உயர்ந்தது. "வீட்டு வைஃபைப் பெட்டிக்காரனுக்குப் போன் போட்டா டவர்க்காரனைக் கேளுங்கறான். டவர்க்காரனைக் கேட்டா பெட்டியை அணைச்சுப் போடுங்கறான். கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு, இருங்கன்னு பாட்டுப் போட்டுவிட்டுட்டுப் போயே போயிட்டா. அவ வந்தபாடே இல்ல."

"வில்லை மங்கிட்டே வருது மேடம். இன்னும் ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம் சாருக்குப் பேச்சே இருக்காது. ஆபரேஷன் பண்ணினா ஆழமா கம்பி வைப்போம். ஆயுசுக்கும் பேசலாம்."

"வெச்சா திரும்ப எடுக்க முடியாதுன்னும் நீங்கதானுங்க சொன்னீங்க."

"முடியாதுதான். அதனாலதான் அவரே சொல்லணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு டாக்டர் உற்சாகமானார். "ஆனா கவலைப்படாதீங்க. நாலு மணிக்கு அப்டேட் வந்துட்டா ரெண்டு பக்கமும் ஒரே பதில்தான் வருமாம். கம்பெனியில சொல்லிட்டாங்க."

"எந்தப் பதிலுங்க?"

"அது... எது வலுவா இருக்கோ அது."

சுகந்தி போனை வைத்துவிட்டாள்.

---

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய இளைஞனின் சட்டைப் பையில் பட்டைக் கம்பெனியின் அட்டை தொங்கியது. அஸ்லம், வலையமைப்புப் பிரிவு.

"ரத்தினவேல் சார் வீடு எதுங்க?"

"வீடு அங்க. ஆளு இங்க," என்றார் மாரப்பன். "கேட்டுலயே குடித்தனம்."

அஸ்லம் நாற்காலியைப் பார்த்தான், பட்டையைப் பார்த்தான், வியர்வையில் நனைந்திருந்த சுகந்தியைப் பார்த்தான். "அக்கா, நாலு மணிக்கு அப்டேட் இருக்கு. ஏறினதும் ஒருவாட்டி செக் பண்ணிட்டு கையெழுத்து போட்டுட்டுப் போகணும். உங்களுக்கு இன்னொரு கம்ப்ளெய்ன்ட்டும் இருக்கு. கேட்டைத் தாண்டும்போது குரல் கரகரங்குதுன்னு."

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலயே?"

"செக்ரட்டரி போட்டிருக்கார். குழந்தைங்க பயப்படுதாம்."

சுகந்திக்கு மாடிப் பக்கம் திரும்பி நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. நேரமில்லை. அஸ்லத்தின் கையைப் பிடிக்காத குறையாக அருகே வந்தாள்.

"தம்பி, அந்தக் கரகரப்பு என்னது? அதை மட்டும் சொல்லு. உள்ள பேசற குரல் மெஷின் குரல். வெளிய பேசறதும் அப்படித்தான். நடுவுல வர்றது வேற மாதிரி இருக்குது. மெருகே இல்லாம. அது... அவரு மாதிரி இருக்குது."

அஸ்லம் பையைக் கீழே வைத்தான். இதை எத்தனையோ வீடுகளில் விளக்கிச் சலித்திருப்பான் போல, கடகடவென்று சொன்னான்.

"மண்டையில இருந்து வர்ற சிக்னல் மழை நேரத்து டிவி மாதிரிக்கா. புள்ளி புள்ளியாத்தான் வரும். மிச்சத்தை மென்பொருள் ஊகிச்சு நிரப்பணும். எதை வெச்சு ஊகிக்கும்? சார் முன்னாடி பேசினதை வெச்சு. வீட்டுப் பெட்டிக்கு என்ன குடுத்தீங்க?"

"போன்ல எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம். வீட்டு ஸ்பீக்கர்ல இருந்த பேச்சு எல்லாம்."

"அதுல சார் என்ன பேசியிருப்பார்?"

சுகந்தி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புது மிக்சி வாங்கலாமா? வேண்டாம். ஊட்டிக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரலாமா? அதெல்லாம் எதுக்கு. டாக்டர்கிட்டப் போலாமா? சும்மா இரு சுகந்தி.

"டவர் பக்கத்துக்கு சாரோட ஆபீஸ் குடுத்த பதிவு," என்றான் அஸ்லம். "சார் எங்க வேலை?"

"பம்ப்செட் கம்பெனி. சேல்ஸ் மேனேஜர்."

"அப்ப கஸ்டமர்கிட்ட 'முடியாது'ன்னு ஒருநாளாச்சும் சொல்லியிருப்பாரா?"

"ஆகட்டுங்க, செஞ்சர்லாமுங்க," என்றார் மாரப்பன் ரத்தினவேலைப் போலவே. சுகந்தி முறைத்ததும் தடுப்புக் கட்டையைத் துடைக்கப் போய்விட்டார்.

"எங்க அத்தாவும் அப்படித்தான்," அஸ்லம் சிரித்தான். "கடையில பாத்தீங்கன்னா தேன். வீட்டுக்கு வந்தா வாயைத் திறந்தா சண்டை. வீட்டுப் பேச்சை வெளிய குடுக்கக் கூடாது, ஆபீஸ் பேச்சை வீட்டுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால ரெண்டு மென்பொருளும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லை. ரெண்டும் நேர்மையாத்தான் ஊகிக்குது. ஆளே ரெண்டு ஆளு. மென்பொருள் என்ன பண்ணும்?"

"நடுவுல?"

"நடுவுல ஹேண்ட்ஓவர். வைஃபை விட்டுட்டு டவரைப் பிடிக்கிற நேரம். அப்ப பட்டைக்குள்ள இருக்கிற சின்ன சிப் தானா சமாளிக்கும். அதுக்கு ஊகிக்கத் தெரியாது. வர்றதை அப்படியே துப்பும். அதான் கரகரப்பு. அதைத்தான் இன்னிக்கு எடுத்துடறோம். தையலே தெரியாது. கேட்டைத் தாண்டினதே சாருக்குத் தெரியாது."

"அதை எடுத்துராதே!"

அவள் கத்திய கத்தலில், காத்திருந்த கார்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அக்கா—"

"அது ஒண்ணுதான் தம்பி நெசம். நீயே சொன்ன. ஊகிக்காம வர்றது அது ஒண்ணுதான். நெட்டை அடியோட நிறுத்திட்டு அதை மட்டும் பேச விடு."

"முடியாதுக்கா. நெட் இல்லைன்னா பட்டை ஊமையாயிடும். பாதுகாப்புக்கு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அந்த சிப் வேலை செய்யறதே மாறுற நேரத்துல மட்டுந்தான்."

"அப்ப மாறுற நேரத்தை நீட்டு."

அஸ்லம் தலையை ஆட்டினான். "என் வேலையே அதைக் குறைக்கிறது. நீட்டினேன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுடுவாங்க. அப்டேட் என்னைக் கேட்டுட்டு வர்றது இல்லைக்கா, அதுபாட்டுக்கு வரும்."

சுகந்தி அவனைப் பார்த்தாள். பிறகு பொறுமையாக, கடைசிப் படிக்கட்டில் நிற்பவள் போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"உங்க அத்தா வீட்டுல வேண்டாம்ங்கறாரு. கடையில சரிங்கறாரு. எதை நம்பி அவரு மண்டையைத் திறக்க விடுவே?"

அஸ்லம் கீழே பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய கையடக்க மீட்டரை எடுத்து எதையோ அழுத்தினான்.

"டெஸ்ட் மோடு," என்றான் முணுமுணுப்பாக. "பத்து செகண்ட் கிடைக்கும். ஒரே தடவைதான். அப்டேட் வந்தா இது தானா அழிஞ்சிரும். ஆனா இப்ப பட்டை வைஃபையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. முதல்ல அதைப் பிடுங்கணும். சிக்னலே எட்டாத தூரம் போகணும்."

"எவ்வளவு தூரம்?"

"அந்த பேக்கரி தெரியுதே, அதுக்கும் அக்கட்ட."

சுகந்தி ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்தாள்.

---

வெளியே தெரு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புதுக் கேபிள், யாருக்கோ இன்னும் வேகமான நெட். நாற்காலிச் சக்கரம் ஜல்லியில் மாட்டியது. அஸ்லம் முன்பக்கம் தூக்க, சுகந்தி பின்பக்கம் தள்ள, ரத்தினவேல் வழியெல்லாம் உடைந்த குரலில் "வேண்டாம்... வேண்டாம் சுக... வேண்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, அவருதான் வேண்டாம்ங்கறாருல்ல, எங்கீங்க புடிச்சு இழுத்துட்டுப் போறீங்க?" என்றார் ஒரு பெரியவர், தேங்காய் பன்னைக் கையில் பிடித்தபடி.

சுகந்திக்கு அழுகை வந்தது. விளக்கம் சொல்ல மூச்சு இல்லை.

பேக்கரியைத் தாண்டியதும் பச்சை பிடியை விட்டது. நீலம். ரத்தினவேல் உடனே இனிமையானார்.

"ஆகட்டுங்க மேடம். ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க."

"திரும்புங்க, திரும்புங்க!" அஸ்லம் கத்தினான். "கேட்டுக்கு வேகமா வாங்கக்கா. மணி ஆகுது."

ஓடினார்கள். ஜல்லி. பள்ளம். பலகை. வேப்பமரம். கேட்டருகே மாரப்பன் தடுப்புக் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாக் கார்களையும் நிறுத்திவிட்டு, "ரைட்! ரைட்! வரட்டும்!" என்று விசிலடித்தார். இன்று அவர் செய்த ஒரே நல்ல காரியம்.

இரும்புத் தடம். முழங்கால் உந்து. நீலம் அணைந்தது.

பச்சை வரவில்லை.

சுகந்தி மண்டியிட்டுப் பட்டையோடு காதை ஒட்டினாள். கரகரப்பு தொடங்கியது. இந்தத் தடவை அது அறுந்துபோகவில்லை, நீண்டது. ஏதோ சொல். அதன் பின்னால் இன்னொரு சொல்—

பாஆஆம்!

குறுக்குத் தெருவிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று வளைந்து திரும்பியது. கட்டை தூக்கியிருப்பதைப் பார்த்த டிரைவர், தனக்குத்தான் வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு ஹாரனை அழுத்தியபடியே உள்ளே நுழைந்தான். இன்ஜின் உறுமலில் கேட் அதிர்ந்தது. மாரப்பன் லாரியின் முகப்பை ஓங்கித் தட்டினார். "யோவ்! நிறுத்துய்யா! நிறுத்து!"

நிறுத்தினான். சத்தம் அடங்கியது.

கரகரப்பும் அடங்கியிருந்தது. பட்டையில் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. பால் போல ஒரு வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நாலு மணி," என்றான் அஸ்லம்.

சுகந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீர் புடவையை நனைத்தது. அவள் எழவில்லை.

"சுகந்தி," என்றார் ரத்தினவேல்.

நிமிர்ந்தாள்.

"ஏன் தண்ணியில உக்காந்திருக்கற? எந்திரி. எனக்காக நெம்ப அலையற. நான் ஆபரேஷன் செஞ்சுக்கறேன். நீ வெசனப்படாத."

எட்டு மாதமாக, 'சரி' என்று சொன்ன ரத்தினவேல் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். 'சுகந்தி' என்று கூப்பிட்ட ரத்தினவேல் 'வேண்டாம்' தவிர எதையும் சொன்னதில்லை. எட்டு மாதம் என்ன, கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். இப்போது பேசியவர் இரண்டு பேரும் அல்ல. அவள் ஆயுசு முழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மூன்றாமவர். அவளுக்குத் தெரியாமலே கண்ணீர் வழிந்தது.

"நெசமாலுமாங்க?"

"நெசமாத்தான். நீ சொன்னா எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

அவள் நாற்காலியைக் கேட்டுக்கு வெளியே தள்ளினாள். விளக்கு வெள்ளையாகவே இருந்தது. "செஞ்சுக்கறேன் சுகந்தி." உள்ளே இழுத்தாள். "செஞ்சுக்கறேன் சுகந்தி." ஒரு கரகரப்பு இல்லை. ஒரு தடங்கல் இல்லை. தையலே தெரியவில்லை.

டாக்டர் விசாலாட்சி வீடியோவில் வந்தார். உள்ளே ஒரு தடவை கேட்டார், வெளியே ஒரு தடவை கேட்டார். இரண்டும் பதிவானது. "சூப்பர் மேடம்! காலைல ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் அனுப்பறேன்," என்றார். ரத்தினவேல் அவருக்கும் நன்றி சொன்னார்.

மாரப்பன் லாரியை உள்ளே விட்டார். கார்கள் போயின. மாடியிலிருந்து செக்ரட்டரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

---

சுகந்தி புடவையைப் பிழிந்துகொண்டு திரும்பியபோது அஸ்லம் இன்னும் போகவில்லை. காம்பவுண்டு சுவரில் சாய்ந்து, காதில் இயர்போனை மாட்டி, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை கேட்டான். ரீவைண்ட் செய்து மறுபடி கேட்டான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன தம்பி, கையெழுத்து போடணுமா?"

அவன் இயர்போனைக் கழற்றினான். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். சாரை நல்லா இருக்கீங்களான்னு எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"என்ன இப்படிக் கேக்கறே? தினம் கேக்கறேனே. காலைல எந்திரிச்சதும் அதுதானே முதல் கேள்வி. நல்லா இருக்கேன்பாரு. ஆஸ்பத்திரியில கேட்டாலும் நல்லா இருக்கேங்கன்னுதான் சொல்லுவாரு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எட்டு மாசத்துல உள்ளயும் வெளியயும் அவரு ஒரே மாதிரி பதில் சொன்னது அது ஒண்ணுதான். அதனால அதைப் பத்தி மட்டும் நான் குழம்பினதே இல்ல."

அஸ்லம் கீழே பார்த்தான்.

"முன்னாடி? உடம்பு நல்லா இருந்தப்ப? வீட்டுலயோ ஆபீஸ்லயோ, முடியலைன்னு, கஷ்டமா இருக்குன்னு ஒருநாளாச்சும் வாய்விட்டுச் சொல்லியிருக்காரா?"

"அவரா? கைவிரல் கதவுல நசுங்கினப்பகூட 'ஒண்ணுமில்ல, நீ போய் வேலையப் பாரு'ன்னவரு. ஏன்?"

"ஒரு ஆளு எப்பவுமே பேசாத பேச்சு வந்தா மென்பொருளுக்கு அதை என்ன பண்றதுன்னு தெரியாதுக்கா. இது இந்த ஆளு பேச்சு இல்லை, இரைச்சல்னு ஒதுக்கித் தள்ளிட்டு, அவர் வழக்கமா பேசறதை அந்த இடத்துல வெச்சிரும். வீட்டுப் பெட்டியும் அப்படித்தான். டவரும் அப்படித்தான். இப்ப வந்திருக்கிற புதுசும் அப்படித்தான்." மீட்டரை உள்ளங்கையில் திருப்பினான். "டெஸ்ட் மோடுல பட்டை துப்பினதை இது நேரா எடுத்துக்கிச்சு. லாரிச் சத்தம் இதுல ஏறாது. இதை நான் கேக்கவே கூடாது. கேட்டுட்டேன். உங்களுக்குக் குடுக்காம பைக் எடுத்துட்டுப் போகலாம்னு பாத்தேன்."

"என்ன சொல்றாரு? சரிங்கறாரா, வேண்டாம்ங்கறாரா?"

அஸ்லம் இயர்போனை நீட்டினான்.

சுகந்தி நாற்காலியைப் பார்த்தாள். ரத்தினவேல் கேட்டுக்குச் சரியாக நடுவில், இரும்புத் தடத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளை விளக்கு நிதானமாக எரிந்தது. "என்ன சுகந்தி அங்க பேச்சு? வா, வீட்டுக்குப் போலாம்," என்றார் அன்பாக.

இயர்போனைக் காதில் வைத்தாள்.

முதலில் கரகரப்பு. பிறகு குரல். தேய்ந்த, மெருகில்லாத குரல். இருபத்தெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் ஒருநாளும் கேட்டிராத தொனி. அது அந்த நொடியில் தொடங்கிய பேச்சு இல்லை. எப்போதோ தொடங்கி, விடாமல் ஓடிக்கொண்டே இருந்ததில் நடுவே மாட்டிய துண்டு.

"...க்குது சுகந்தி. காதுக்குப் பின்னால வலிக்குது. இதைக் கழட்டிரு. எனக்குப் பேச்சு வேண்டாம். வலிக்குது சுகந்தி. காதுக்குப் பின்னால வலிக்குது. இதைக் கழ..."